பீவர் குளத்தைப் படிக்கும் முறை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்டு, இன்று ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்துள்ள அல்கோன்குயின் பூங்காவுக்குச் செல்வோரில் பலர், மூஸ் என்னும் மாபெரும் மானைக் காணும் ஆவலில் 60ஆம் எண் நெடுஞ்சாலையில் வண்டியை மெல்ல ஓட்டிச் செல்வர். குளிர்காலத்தில் சாலையில் தூவப்பட்ட உப்பு ஓரப் பள்ளங்களில் தேங்கிக் கிடப்பதால், மே, ஜூன் மாதங்களில் அந்த உவர்நீரைக் குடிக்க மூஸ் வருவது உண்மையே. ஆயினும் இந்தக் காடு இயங்கும் விதத்தை அறிய விரும்புபவர், ஒரு பீவர் குளத்தின் கரையில் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருப்பதே மேல்.

பீவர், மரங்களைப் பல்லால் அறுத்து, கிளைகளையும் சேற்றையும் கொண்டு ஓடையின் குறுக்கே அணை கட்டிக் குளத்தை உண்டாக்கும் கொறிவிலங்கு. அது பகலில் பெரும்பாலும் வெளிவராது என்பதால், முதலில் தடயங்களையே பார்க்க வேண்டும். கரையோரத்து ஆஸ்பென் மரத்தின் அடிக்கட்டையைக் குனிந்து நோக்கினால், கூம்பாகச் செதுக்கப்பட்ட முனையில் இரண்டிரண்டாகப் பற்தடங்கள் வரிவரியாகப் பதிந்திருப்பதையும், சுற்றிலும் மரச்செதில்கள் சிதறிக் கிடப்பதையும் காணலாம். பற்களின் எனாமலில் இரும்புச் சத்து கலந்திருப்பதால் அவை ஆரஞ்சு நிறமும் மிகுந்த உறுதியும் பெற்றுள்ளன. வெட்டுமுகம் வெளிர்மஞ்சளாக இருந்து, அணையின் மீது புதிய சேறும் பூசப்பட்டிருந்தால், அங்கே இன்னும் பீவர் வாழ்கிறது. வெட்டுமுகம் சாம்பல் நிறமாகி, அணையில் புல் முளைத்துவிட்டால், அது அகன்று சென்றிருக்கக்கூடும்.

அடுத்துக் கணிக்க வேண்டியது குளத்தின் வயது. நீருக்குள் பட்டுப்போன மரங்கள் நிமிர்ந்து நின்றால் வெள்ளம் சூழ்ந்து நெடுங்காலம் ஆகவில்லை எனக் கொள்ளலாம். அவற்றின் உச்சியில் பெரு நீல நாரை கூடு கட்டும், பொந்துகளில் மரவாத்து முட்டையிடும். உணவு தீர்ந்து பீவர் வெளியேறியதும் பராமரிப்பின்றி அணை உடைய, வண்டல் படிந்த தரை புல்வெளியாகி, பின்னர் மெல்லக் காடாகத் திரும்புகிறது. இவ்வாறு ஒரே பள்ளத்தாக்கில் வெவ்வேறு வயதுடைய குளங்களை அடுத்தடுத்துக் காண முடிவதே, இக்காட்டு நடையில் பிற எதனையும் விட மனத்தை ஈர்க்கும் அனுபவம்.

பாசிச் சதுப்புக்குத் தனியே நேரம் ஒதுக்க வேண்டும். அங்கு ஸ்பேக்னம் என்னும் பாசிப் படுகையில் வளரும் குடுவைச் செடி, மழைநீர் தேங்கும் இலைகளில் பூச்சிகளைச் சிக்கவைத்து, மண்ணில் கிடைக்காத நைட்ரஜனை அவற்றிடமிருந்து பெறுகிறது. வழுக்கும் விளிம்பையும் கீழ்நோக்கிச் சாய்ந்த மயிர்களையும் கண்ட பின், மரப்பாதையை விட்டு இறங்காமல் நீரை உற்றுநோக்கினால், அக்குடுவைகளிலேயே வளரும் ஒருவகைக் கொசுவின் புழுக்கள் நெளிவது தென்படும். கோடையின் பிற்பகுதியில் புள்ளிச் சலமாண்டர் என்னும் நீர்நில வாழ்வியின் குஞ்சுகளும் இப்பூங்காவின் குடுவைகளில் விழுந்து இரையாவதை 2019இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவுசெய்தது. முதுகெலும்புள்ள உயிரைச் செடி உண்பது, எவரையும் வியக்கவைக்கும் செய்தி.

மாலையில் மீண்டும் குளக்கரைக்கு வந்து, காற்று தம் முகத்தில் படும் திசையில் அமர வேண்டும். பீவருக்குப் பார்வை மங்கல், மோப்பமோ கூர்மை. நீரில் முக்கோண அலையை விரித்தபடி தலை மட்டும் தெரிய அது நீந்தி வரும். அஞ்சினால் தட்டையான வாலால் நீரை ஓங்கி அறைந்து மூழ்கிவிடும். அருகில் பெரிய ஏரி இருப்பின் லூன் பறவையின் நீண்ட ஓலமும் கேட்கலாம். நடுக்கமான சிரிப்பொலி எழுந்தால் அது கலவரமுற்றிருக்கிறது எனப் பொருள் என்பதால், படகில் இருப்போர் உடனே விலகிச் செல்வது கடமை.

மேப்பிள் இலைகள் சிவக்கும் செப்டம்பர் இறுதியில் செல்பவர், பீவர் வீட்டின் அருகே நீரில் கிளைக் குவியல் உள்ளதா எனப் பார்க்கலாம். குளம் உறைந்த பின்னரும் பனிக்கட்டிக்கு அடியில் நீந்தி எடுத்துண்ணச் சேர்த்த குளிர்கால உணவு அது. புதிய குவியல் இருந்தால் குடும்பம் அவ்வீட்டிலேயே குளிர்காலத்தைக் கழிக்க ஆயத்தமாகிறது என்பதால், வரும் வசந்தத்தில் அமர்வதற்கு ஏற்ற கரையை அப்போதே தேர்ந்துகொள்ளலாம்.