புகழ்மொழியும் மெய்ம்மொழியும்: மூன்றாம் இராசராசனைக் காட்டும் கற்கள்

கடாரங்கொண்ட முதலாம் இராசேந்திரனை அறியாத தமிழ் மாணவர் மலேசியத் திருநாட்டில் இலர் எனலாம். நெகிரி செம்பிலான் தோட்டப் பள்ளிகளிற் பயிலும் சிறார்க்கும் 1025-ஆம் ஆண்டின் கடற்படையெடுப்பு நெஞ்சு நிமிரச் செய்யும் செய்தியாகும். அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, சாண்டில்யனின் ‘கடல்புறா’ போன்ற புதினங்களும் அவ்வுணர்வையே வளர்த்தன. ஆயின், அப்பேரரசு எவ்வாறு முடிவுற்றது என வினவினால் விடை பகர்வோர் மிகச் சிலரே. எழுச்சியை மட்டும் கற்று வீழ்ச்சியை விடுத்தல், காப்பியத்தின் முதற் காண்டத்தோடு நூலை மூடிவிடுவதையே ஒக்கும்.

அவ்வீழ்ச்சியின் நடுவே நிற்பவன் மூன்றாம் இராசராசன். 1216-இல் இளவரசுப் பட்டம் பெற்ற அவன் கண்டது செழித்த சோணாடு அன்று. மாறவர்மன் சுந்தரபாண்டியன் படையெடுத்துத் தஞ்சையையும் உறந்தையையும் எரியூட்டினான். பின்னர் மூன்றாம் குலோத்துங்கனுக்கு நாட்டைத் திரும்ப வழங்கினான். ஆகவே, மைந்தன் ஏற்றது பகைவனின் அருளால் எஞ்சிய அரசு. மாளிகைகள் இடிக்கப்பட்ட அந்நாளிலும், பட்டினப்பாலை பாடிய புலவர்க்குப் பரிசிலாக அளிக்கப்பட்ட பதினாறுகால் மண்டபம் மட்டும் விடப்பட்டது எனத் திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் கூறுகின்றது. அரசு சாய்ந்த இடத்தில் பாட்டின் சிறப்பு நின்றது என்பது தமிழாசிரியர் மறத்தற்குரியதன்று.

இராசராசனின் வாழ்வை மூவகைக் கல்லெழுத்துகள் காட்டுகின்றன. முதலாவது அவனது மெய்க்கீர்த்தி. முதலாம் இராசராசன் காலத்தில் உண்மை நிகழ்ச்சிகளை உரைக்கத் தோன்றிய அவ்விலக்கிய வகை, இவன் காலத்தில் வழிவழி வந்த புகழ்மொழிகளின் கோவையாகச் சுருங்கிற்று. பாண்டியன் ஓங்கி நின்றதற்கோ குறுநில மன்னர் தலையெடுத்ததற்கோ அதில் இடமில்லை. சொல் செழித்தது, பொருள் வறண்டது.

இரண்டாவது, காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கனின் வயலூர்க் கல்வெட்டு. போதிய வலிமையின்றிப் பாண்டியனை எதிர்த்துத் தோற்று வடக்கே வந்த சோழனைத் தெள்ளாற்றில் வென்று சிறைப்படுத்தியதை அது செய்யுளிற் செருக்கோடு பாடுகின்றது. வென்றவன் உரையாதலின் அதனையும் அளந்தே கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது திருவேந்திபுரக் கல்வெட்டு. சோழன் சேந்தமங்கலத்திற் சிறையுண்ட செய்தி கேட்ட போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன், அப்பண்ணன், சமுத்திர கோப்பையன் என்னும் தண்டநாயகர் இருவரை ஏவினான். அவர்கள் ஊர்களை அழித்தும் மரங்களை வெட்டியும் முன்னேறி, மன்னனை மீட்டு அவன் நாட்டிற் சேர்த்தனர். இச்செய்தியை உரைநடையில் வரிசைப்படக் கூறும் இக்கல்வெட்டு இராசராசனின் ஆட்சியாண்டையே குறிக்கின்றது. ஆண்டுக் கணக்கு 1231-32. தன் பெயரால் ஆண்டு எண்ணப்படும் கல்லிலேயே தன் சிறைவாழ்வு பொறிக்கப்பட்ட வேந்தனின் நிலை, எப்புலவனும் கற்பனை செய்யாத அவலமன்றோ!

உரோமப் பேரரசன் வலேரியன் 260-இல் பாரசீக வேந்தன் முதலாம் சாபூரிடம் சிறைப்பட்டான். அவ்விழிவு நக்சே உருசுத்தம் என்னுமிடத்துப் பாறையில் வென்றவனாற் செதுக்கப்பட்டது. மன்னர் மறைக்க விழைவதைப் பகைவரும் அயலாரும் எழுதி வைப்பது உலகியற்கை. எனவே, மூன்று கற்களையும் ஒப்பவைத்து நோக்குவதே திறனாய்வாகும். இராசராசன் திறமையற்றவன் என ஒரு சொல்லில் தள்ளுவதும் பொருந்தாது. குறுநில மன்னர் தம் வலிமையைப் பெருக்கிக்கொண்ட நிலை அவன் தந்தையார் காலத்தே தொடங்கியது. அவன் பிழை, இல்லாத வலிமையை உண்டென நம்பியது. புகழ்மொழியை நாள்தோறும் கேட்பவர்க்கு அப்பிழை எளிதில் நேரும்.

ஈண்டுத்தான் நம் மாணவர்க்குரிய பாடம் உள்ளது. இந்நாட்டுத் தோட்டங்களின் வரலாறும் ஒருவர் எழுத்தில் அடங்குவதன்று. கம்பெனியின் ஆண்டறிக்கை பால் விளைச்சலைக் கூறும். செக்ரோல் என வழங்கும் பேரேடு ஆளின் பெயரையும் வேலை நாளையும் கூறும். இலயத்து முதியோரின் நினைவோ பசியையும் பிரிவையும் கூறும். தோட்டத் துண்டாடலின்போது குடும்பங்கள் சிதறிய துயரத்தை முதல் இரண்டில் மட்டும் தேடின் காணவியலாது. மெய்க்கீர்த்தியை ஐயுற்றுப் படிக்கப் பழகிய மாணவனே இம்மூன்றையும் ஒப்பிட்டுத் தன் பாட்டனாரின் வரலாற்றை எழுதவல்லான்.

மூன்றாம் இராசராசனுக்குப்பின் மூன்றாம் இராசேந்திரன் பாண்டியரைச் சிலகாலம் வென்றும் நிலைக்கவில்லை. 1279-க்குப்பின் அவனைப் பற்றிக் கல்லும் பேசவில்லை. கடாரம் வென்ற பெயரை ஏந்தியவன் எங்கு, எவ்வாறு மறைந்தான் என்பதற்குச் சான்றில்லை. வெற்றியைப் பாட ஆயிரம் நாவுண்டு. தோல்வியை ஆராயக் கற்ற நாவே அறிவுடைய நா. முதலாம் இராசேந்திரனைக் கற்பிக்கும் வகுப்பில் மூன்றாம் இராசேந்திரனுக்கும் ஒரு நாள் ஒதுக்கப்பட வேண்டும். பெருமை அதனாற் குறையாது. உண்மையோடு சேர்ந்து உறுதிப்படும்.