கயிறு யார் பிடிப்பது?

ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப் படங்களைச் சேகரிப்பவள் என்று தூத்துக்குடியில் சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். நியாயம்தான். என்னிடம் அசல் தாள் ஒன்றுகூட இல்லை. இருப்பதெல்லாம் ஒரு பென்டிரைவில் நானூற்றுச் சொச்சம் படங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 2017இல் தன்னிடமுள்ள காப்புரிமை கழிந்த ஓவியங்களின் படங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதன்பின் விடைத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் ஒவ்வொன்றாக இறக்கிவைத்தேன். எல்லாம் பெண்கள். கண்ணாடி பார்ப்பவள், கூந்தல் வாருபவள், கடிதம் வாசிப்பவள், மழையில் குடை விரிப்பவள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு முதுகலை வகுப்பில் நெய்தல் திணை நடத்தும்போது அவற்றில் ஒன்றைத் திரையில் காட்டினேன். கிதாகவா உதமாரோ 1797, 98 வாக்கில் செய்தது, மூன்று தாள்கள் சேர்ந்த படம். கடலில் மூழ்கி அபலோன் என்னும் ஒற்றை ஓட்டுச் சிப்பியை எடுக்கும் பெண்கள், பாறைக்கரையில். ஈரக்கூந்தல், இடையில் சிவப்புத் துணி, திறந்த மேனி. அந்த உடல்களின் கோடுகளைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினேன். உதமாரோவின் கோட்டுக்கு மயங்காதவர் குறைவு, நானும் மயங்கியவள்தான். பேசி முடித்ததும், தாத்தா சங்கு குளித்த வீட்டிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கேட்டாள்: “மேம், இவங்களுக்குக் கயிறு யாரு பிடிச்சிருக்கா?”

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிறு கண்ணில் படவில்லை. அத்தனை வருடங்களாக அந்தப் படத்தை வைத்திருந்தும் அதைத் தேட எனக்குத் தோன்றியதே இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் எழுதும் தாமதமான விடை.

கயிறு என்றால் இந்தக் கரையில் என்ன பொருள் என்று வெளியூர் வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். முத்துக்குளிப்பவர் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பியை வலைக்கூடையில் போட்டுக் கயிற்றை அசைத்தால் தோணியில் இருப்பவர் மேலே இழுப்பார். அவர் கண் அசந்தால் உயிர் போய்விடும். அதனால் கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வழக்கு. தன் அக்காவோ தங்கையோ தாலியறுக்கக் கூடாது என்று அவன் இமைக்காமல் பார்ப்பானாம். மைத்துனன் பாசத்துக்கு உதாரணமாக இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். கொஞ்சம் நின்று யோசித்தால் வேறொன்று தெரிகிறது. அந்தத் தோணியில் பெண் கிடையாது. ஆனால் மூழ்கியவரின் உயிருக்கு ஈடாக வைக்கப்பட்டிருப்பது அவளுடைய தாலி. தோணிக்குள் அவளுக்கு இடமில்லாவிட்டாலும் அந்தக் கயிறு அவளால் திரிக்கப்பட்டது.

ஜப்பானின் இசே, ஷிமா கரைகளில் கதை தலைகீழ். அங்கே மூழ்குபவர்கள் பெண்கள், ‘அமா’ என்று பெயர். கரையோரம் தனியாக மூழ்குபவர்களும் உண்டு, படகிலிருந்து இறங்குபவர்களும் உண்டு. படகில் போனால் கயிற்றைப் பிடிப்பவர் பெரும்பாலும் கணவர். மூச்சு அவளுடையது, இழுக்கும் கை அவனுடையது. ஒரே தொழிலின் இரண்டு முனைகள் இடம் மாறியிருக்கின்றன. உதமாரோவின் தாள்களில் இரண்டுமே இல்லை. மூச்சு முட்டும் நேரத்தை விட்டுவிட்டு, மேலே வந்து உடல் ஓய்ந்த நேரத்தை மட்டும் அவர் எடுத்துக்கொண்டார். அவரைவிட ஒருபடி மேலே போய், மூழ்கும் பெண்ணை ஆக்டோபஸோடு புணரவிட்டு 1814இல் ஹொகுசாய் வரைந்தார். அந்தப் படம் இன்று உலகப் புகழ் பெற்றது. அவள் அன்றைக்கு எத்தனை சிப்பி எடுத்தாள் என்பதைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

இந்த அழகியர் படங்களுக்கு ஜப்பானிய மொழியில் ‘பிஜின்-கா’ என்று பெயர். இவை அரண்மனைச் சரக்கு அல்ல, கடைத்தெருச் சரக்கு. 1765இல் சுசுகி ஹருனோபு காலத்தில் பல வண்ண அச்சு வந்தது. வரைபவர் ஒருவர், செர்ரிப் பலகையில் செதுக்குபவர் ஒருவர், வண்ணம் பூசித் தாளை அழுத்தி எடுப்பவர் ஒருவர், இவர்களுக்கெல்லாம் முதல் போட்டவர் பதிப்பாளர். தாளில் ஓவியர் பெயரும் பதிப்பாளர் முத்திரையும் இருக்கும். செதுக்கிய கையும் அழுத்திய கையும் பெரும்பாலும் பெயரில்லாமல் போயின. உதமாரோவை உதமாரோவாக்கியதில் பாதிப் பங்கு ஸுதாயா ஜுசாபுரோ என்ற பதிப்பாளருடையது. யோஷிவாரா என்னும் பரத்தையர் குடியிருப்பின் வாசலில் கடை வைத்து, அங்கே எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்ற கையேடுகளை விற்று முன்னேறியவர் அவர்.

யோஷிவாராவைப் பார்க்காமல் பிஜின்-காவைப் பார்க்க முடியாது. சுற்றிலும் அகழி, உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே பெரிய வாசல். சிறுமிகளாக இருக்கும்போதே பெற்றோருக்கு முன்பணம் கொடுத்து வாங்கப்பட்டவர்கள். சாப்பாடு, பட்டு, படுக்கை எல்லாம் கடன் கணக்கில் ஏறும். நாம் ‘ஆஹா’ என்று பார்க்கும் அந்தக் கிமோனோ அவள் கழுத்தில் ஏறிய கடன். படங்கள் அந்த வீடுகளுக்கு விளம்பரமாகவும் பயன்பட்டன. நோய் வந்து, கேட்பாரில்லாமல் செத்தவர்களைக் கொண்டுபோய்ப் போட்ட ஜோகான்-ஜி கோயிலில் சுமார் 25,000 பேர் புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். என் மாணவி கேட்ட கயிறு இங்கே கடன்தான். அதைப் பிடித்திருந்தவர் வீட்டு உரிமையாளர். அவர் அதை மேலே இழுப்பதற்காகப் பிடிக்கவில்லை.

பெயர் விஷயத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் பெண்களின் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்த்து நான் ஒரு காலத்தில் பெருமைப்பட்டேன். நம் அகத்திணையில் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்பது இலக்கணம், அங்கேயாவது பெயர் இருக்கிறதே என்று. பிறகுதான் தெரிந்தது, ஹனாஓகி என்பது ஒரு பெண்ணின் பெயர் அல்ல. ஓகியா என்ற வீட்டில் ஒருத்தி போனபின் அடுத்தவளுக்குச் சூட்டப்படும் பட்டம். ஆள் மாறுவாள், பெயர் மாறாது. கடைப் பலகை மாதிரி. 1793இல் அரசு, பரத்தையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் போடக் கூடாது என்றது. உதமாரோ பெயரை விடுகதைப் படங்களாக மாற்றி மூலையில் ஒளித்து வைத்தார். 1796இல் அதற்கும் தடை வந்தது. தேநீர்க்கடையில் வேலைபார்த்த நானிவாயா ஒகிதா என்ற இளம்பெண்ணின் பெயர் அரசுக்கும் ஓவியருக்கும் நடந்த சண்டைக்குள் சிக்கியது. இருவரில் யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சேகரிப்பாளர்கள் வந்தபோது இந்தக் கதையெல்லாம் விலையாக மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பாரிஸில் ஹயாஷி ததாமசா போன்ற வணிகர்கள் இந்தத் தாள்களை விற்றார்கள். 1891இல் எட்மோன் த கோன்கூர் உதமாரோ பற்றிப் புத்தகமே எழுதினார். அச்சு எத்தனை கூர்மை, ஓரம் வெட்டுப்பட்டதா, ஊதா நிறம் வெளிறிவிட்டதா என்று தரம் பிரித்தார்கள். பாஸ்டனைச் சேர்ந்த ஸ்பால்டிங் சகோதரர்கள் சுமார் 6,500 தாள்களை 1921இல் அந்நகர நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். கண்காட்சியில் வைக்கவே கூடாது என்பது நிபந்தனை. வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்பது காரணம். காரணம் சரியானதே, அதனால்தான் அந்த வண்ணங்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. இருந்தாலும், அகழிக்குள் வாழ்ந்த பெண்களின் படங்கள் மறுபடி இருட்டறைக்குள் போனதைப் படித்தபோது எனக்கு என்னமோ செய்தது.

இந்தத் தரம் பிரித்தல் எங்கள் கரைக்குப் புதிதல்ல. சலாபம் முடிந்தால் முத்துகளைப் பத்துப் பித்தளைச் சல்லடைகளில் சலிப்பார்கள். பிறகு உருட்சியும் ஒளியும் பார்ப்பார்கள். முதல் தரம் ஆணி, கடைசியில் தூள். தமிழில் நல்ல பெண்ணை ‘ஆணிமுத்து’ என்று சொல்வோம். அந்தச் சொல் சல்லடையிலிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டுச் சொல்வோம். கலித்தொகையில் பாலை பாடிய பெருங்கடுங்கோவின் ஒரு பாட்டு எல்லாத் தமிழ் வகுப்புகளிலும் நடத்தப்படுகிறது. காதலனோடு போய்விட்ட மகளைத் தேடி வரும் செவிலித்தாய்க்கு, முத்து கடலில் பிறந்தாலும் அணிபவர்க்கன்றிக் கடலுக்குப் பயனில்லை என்று எதிரே வருபவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். மகள் தன் விருப்பப்படி போனதை ஏற்றுக்கொள்ளும் பாட்டு என்பதால் எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனால் முத்துக்கரையில் நின்று வாசித்தால் உவமை உறுத்துகிறது. கடலுக்கும் அணிபவருக்கும் நடுவில் ஒரு மூச்சு இருக்கிறதே, அது எங்கே? பெண்ணை முத்தாக்கிவிட்டால் அவள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போக மட்டுமே முடியும். அவள் மூழ்குபவளாக இருக்க முடியாது.

இரண்டு கரைகளும் ஒருநாள் நேராகவே மோதின. 1893இல் மிகிமோதோ கோகிச்சி தோபா அருகே சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினார். அந்த வளர்ப்புச் சிப்பிகளைத் திரட்டித் தந்தவர்கள் அமாக்கள். இருபதாம் நூற்றாண்டில் வளர்ப்பு முத்து சந்தையை நிரப்பியதும் இயற்கை முத்தின் விலை உலகெங்கும் சரிந்தது. மன்னார் வளைகுடாவில் பார்களில் சிப்பியே அற்றுப்போனது வேறு காரணம். 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு தூத்துக்குடி முத்துக்குளிப்பு நின்றது. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் முத்து வளர்த்தார்கள். பெயர் தெரியாத ஜப்பானியப் பெண்களின் மூச்சுக்கும் பெயர் தெரியாத எங்கள் ஆண்களின் மூச்சுக்கும் இடையே இப்படியொரு கணக்கு இருக்கிறது. எந்தச் சேகரிப்பிலும் அதற்குத் தாள் இல்லை.

தமிழ்க் கரையில் பெண்கள் மூழ்குவதில்லை என்று நினைத்தால் அதுவும் தவறு. இதே வளைகுடாவின் வடக்குப் பகுதியில், பாம்பன், சின்னப்பாலம் பக்கம், மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப்பாசிக்கும் பெண்கள் மூழ்குகிறார்கள். சேலைக்கு மேலே சட்டை, கண்ணில் கண்ணாடி, பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணி. கயிறு பிடிக்க யாருமில்லை. 1986இல் 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, அவர்கள் வேலைசெய்த கடலிலேயே அத்துமீறுபவர்கள் ஆனார்கள். தங்களுக்குள் கூடிப் பேசி, மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. எம். பழனிகுமாரின் ஒளிப்படங்களில் இந்தப் பெண்களைத் தண்ணீருக்கடியில் பார்க்கலாம். அந்தப் படங்களில் கை வேலை செய்கிறது, முகம் மூச்சைப் பிடித்திருக்கிறது. உதமாரோ விட்டுவிட்ட அந்த ஒரு நிமிடம் அங்கே இருக்கிறது.

அப்படியானால் ஜப்பானியத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடலாமா? மாட்டேன். அவற்றில் ஓய்வெடுக்கும் பெண்ணின் சோர்வை, தனியாக இருக்கும்போது தளரும் தோளை ஓவியர் சில நேரம் தன்னையறியாமலே பிடித்திருக்கிறார். உள்ளிருந்து பார்த்தவர்களும் உண்டு. ஹொகுசாயின் மகள் கட்சுஷிகா ஓய் யோஷிவாராவின் இரவை ஓவியமாகத் தீட்டினார். அந்தப் பெண்கள் மரச்சட்டங்களுக்குப் பின்னால் வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், முகம் சரியாகத் தெரியவில்லை. ஓய் தன் பெயரின் எழுத்துகளை விளக்குக் கூடுகளில் பிரித்து ஒளித்துவைத்தார். சட்டத்தை வரைந்ததும் முகத்தை விற்காமல் விட்டதும் எனக்கு முக்கியம். ஒரு பெண் பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. நானும் பெண்தான், பல வருடம் கயிற்றைப் பார்க்கவில்லை.

அந்த மூழ்கும் பெண்களைப் பற்றி நான் ஒரு கவிதை எழுதியிருந்தேன். நல்ல பெயரும் வாங்கித் தந்தது. ஈர உடல், உப்பு, நிலா, கடைசி வரியில் ஒரு முத்து. அந்தப் பெண்கள் எடுத்தது முத்தே அல்ல, சாப்பிடும் சிப்பி. அதைக்கூடக் கவனிக்காமல் எழுதியிருக்கிறேன். அடுத்த தொகுப்பில் அதைச் சேர்க்கவில்லை.

பென்டிரைவில் கோப்புகளுக்கு ‘அழகி 1’, ‘அழகி 2’ என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் செய்த வேலை, இருந்த வீடு, படத்தால் லாபம் பார்த்தவர், இவற்றில் தெரிந்ததை எழுதுகிறேன். நூற்றுப் பதினான்கு முடிந்திருக்கிறது. பல கோப்புகளில் ஒரு வரிக்கு மேல் எழுத ஒன்றும் கிடைப்பதில்லை. வகுப்பில் எந்தப் படத்தைக் காட்டினாலும், எந்தப் பாட்டை நடத்தினாலும் இப்போது முதலில் அந்த மாணவியின் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.