அரசர் வீட்டுச் சங்கிலிக் கடிகாரங்கள்

நம் காரியாபட்டிப் பக்கத்தில் அரண்மனை என்றால் ராமநாதபுரம், சிவகங்கை, எட்டயபுரம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்து ராஜாக்கள், ஜமீன்தார்களின் படங்களில் தலைப்பாகை, வாள், பதக்கங்களோடு சில சமயம் கோட்டின் குறுக்கே ஒரு தங்கச் சங்கிலியும் தெரியும். அதன் நுனியில் இருக்கும் கடிகாரம் சட்டைப்பைக்குள் மறைந்துவிடும். மூடியின் தங்கமும் கல்லும் பணத்தைத்தான் காட்டும். வேலைப்பாட்டைத் தெரிந்துகொள்ள மூடியைத் திறந்து மிஷினைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கலையில் மூன்று வீடுகள் உண்டு. முதலில் லண்டன். 1675-ல் சுருள்வில் பொருத்திய கடிகாரம் ஒன்றை இரண்டாம் சார்லஸ் மன்னருக்குச் செய்து கொடுத்தவர் தாமஸ் டாம்பியன். மணியடித்து நேரம் சொல்லும் ‘ரிப்பீட்டர்’ யாருடையது என்ற வழக்கு 1687-ல் இரண்டாம் ஜேம்ஸிடம் போனது. பார்லோ என்ற பாதிரியாரின் வடிவமைப்பில் இரண்டு பொத்தான்கள். டேனியல் குவேர் செய்ததில் ஒரே பொத்தான் மணியையும் கால்மணியையும் சேர்த்து அடித்தது. மன்னர் குவேர் பக்கம் நின்றார். தீக்குச்சி இல்லாத அந்த நாளில் இருட்டில் மணி பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. பின்னாளில் நிமிடமும் சேர்ந்துகொண்டது. 3.47 என்றால் கனத்த குரலில் மூன்று, இரட்டைக் குரலில் மூன்று, மெல்லிய குரலில் இரண்டு.

லண்டனின் உச்சம் என்று நான் சொல்வது சார்லட் ராணியின் 1770-ம் வருடத்துக் கடிகாரம். தாமஸ் மட்ஜ் அதில் வைத்த லீவர் அமைப்பின் வழிவந்ததுதான், சாவி கொடுத்து ஓடும் கைக்கடிகாரங்களில் இன்றைக்கும் இருப்பது. பிறகு இங்கிலாந்துக்காரர்களைப் பிடிவாதம் பிடித்துக்கொண்டது. கூம்பு வடிவ உருளையில் சைக்கிள் செயின் போன்ற, ஆனால் தலைமுடியோடு போட்டி போடும் நுண்சங்கிலியைச் சுற்றி வில்லின் இழுப்பைச் சமப்படுத்தும் பழைய முறையை, தேவை தீர்ந்த பிறகும் அவர்கள் விடவில்லை. ஸ்விஸ்காரர்கள் முந்திக்கொண்டார்கள்.

பாரிஸ் என்றால் பிரெகே. பிறந்தது ஸ்விட்சர்லாந்தில். மெலிந்த உடல், நுண்கோடு கடைந்த டயல், முனையில் சிறு வளையம் வைத்த நீல முள் என்று அடக்கமே அவர் ஆடம்பரம். போலிகள் பெருகியதும், சாய்வான வெளிச்சத்தில் மட்டுமே தெரியும் ரகசியக் கையெழுத்தை டயலில் கீறினார். அரசி மரி அந்துவானெத்துக்காக 1783-ல் சொல்லிவைத்த கடிகாரம் 1827-ல்தான் முடிந்தது. அதற்குள் அரசியின் தலை போய் 34 வருடம். பிரெகேயும் காலமாகி நான்கு வருடம். 1983-ல் அது ஜெருசலேம் அருங்காட்சியகத்திலிருந்து களவு போய், இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத் திரும்பிக் கிடைத்தது. கதை பெரிது, ஆனாலும் என் ஓட்டு மட்ஜுக்குத்தான்.

ஜெனீவாவின் பெருமை எனாமல். கால்வின் காலத்தில் நகைக்குக் கெடுபிடி வந்தபோது பொற்கொல்லர்கள் கடிகாரத்துக்குத் திரும்பினார்கள் என்பார்கள். கண்ணாடித் தூளில் நிறம் கலந்து தீட்டி, சூளையில் பலமுறை சுட்டு, மேலே நிறமற்ற ஒரு பூச்சு. ஒரு சூடு தப்பினால் முகமே வெடித்துவிடும். நம் மகாராஜாக்களுக்கு இந்த வேலைதான் பிடித்தது: மூடியில் தங்கள் படம், உள்ளே ரிப்பீட்டர்.

மதராஸில் 1846-ல் தொடங்கிய பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் தாங்கிய கடிகாரங்களைப் பார்த்து உள்ளூர் வேலை என்று மயங்குபவர்கள் உண்டு. டயலில் இருப்பது பெரும்பாலும் விற்றவர் பெயர். செய்தவர் அடையாளம் மிஷினில் இருக்கும். 1886 முதல் ஜெனீவா தன் நகர முத்திரையையே அதில் குத்தியது. 1880-க்குப் பிந்திய ஸ்விஸ் தங்க மூடியில் ஹெல்வெட்டியா என்ற பெண் தலை இருந்தால் அது 18 காரட்.

ஓட்டத்துக்கு அந்தக் காலத்தில் சான்று தந்தது லண்டனை அடுத்த கியூ ஆய்வகம். 1884-லிருந்து, ‘ஏ’ வகுப்புக் கடிகாரங்களை 45 நாள், நிற்கவைத்தும் படுக்கவைத்தும், குளிரிலும் சூட்டிலும் ஓடவிட்டு மதிப்பெண் போட்டார்கள். அங்கே சூடு என்பது சுமார் 90 டிகிரி பாரன்ஹீட். நம் ஊரில் அது மாசி மாதத்து மத்தியானம்! சித்திரை வெயிலுக்கும் கரிசல் புழுதிக்கும் கியூவில் பரீட்சை கிடையாது.

அதனால், தாத்தா பெட்டியில் பழைய சங்கிலிக் கடிகாரம் அகப்பட்டால் ஆசைப்பட்டு உடனே சாவி கொடுக்காதீர்கள். எண்ணெய் பிசினாகி, அதில் புழுதி ஒட்டி, அச்சு முனைகளை அரம்போல அராவிவிடும். மூடிக்கு பாலீஷும் வேண்டாம், முத்திரை தேய்ந்து போகும். பழைய மிஷினில் கை பழகியவரிடம் கொடுத்துக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்ட பிறகு ஓட்டிப் பாருங்கள்.