கொல்லை வாசலில் தொடங்கும் வீடு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய வீட்டுச் சாமான் கடைகளுக்கு வருகிறவர்கள் இரண்டு கட்சி. தூணைத் தட்டிப் பார்த்து விலை கேட்பவர்கள் ஒரு கட்சி. தூணின் தலைப்பக்கத் துளையில் விரலை விட்டு, இது முகப்பில் நின்றதா வளவில் நின்றதா, மேலே எந்த உத்தரம் உட்கார்ந்திருந்தது என்று விசாரிப்பவர்கள் இன்னொரு கட்சி. இந்த இரண்டாவது கட்சியால் கடைக்காரருக்குக் காலணா லாபமில்லை, டீ செலவுதான். நான் அந்தக் கட்சிக்காரன். பர்மாத் தேக்கில் காட்டும் அதே அதிகப்பிரசங்கித்தனத்தைத்தான் கம்ப்யூட்டர் பயாஸிலும் காட்டுகிறேன்.

மதர்போர்டின் மூலையில் எட்டுக் காலோடு ஒரு சிறு சிப் ஒட்டிக்கொண்டிருக்கும். மிளகாய் விதையைவிடக் கொஞ்சம் பெரிது. உள்ளே 8 அல்லது 16 மெகாபைட். பவர் பட்டனை அழுத்தியதும், விண்டோஸோ லினக்ஸோ கண் விழிப்பதற்கு முன்னால், ஓடுகிற முதல் நிரல் அதற்குள் இருக்கிறது. ஃபர்ம்வேர் என்பது பொதுப்பெயர். பயாஸ் என்பது நாக்கில் ஊறிய பெயர். அதை அப்படியே உருவி ஒரே கோப்பாக எடுப்பதை சர்வீஸ் கடைகளில் 'டம்ப் எடுக்கிறது' என்பார்கள். எடுத்ததற்குப் பெயர் 'பின் ஃபைல்'. அந்த பின் ஃபைலைப் பிரித்துப் படிப்பதற்கென்றே சில மென்பொருள் கருவிகள் உண்டு. பலவும் யாரோ ஒருவர் தன் சொந்த ஆர்வத்துக்காக இரவில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியவை. தச்சு வேலையைப் பார்க்கிற கண்ணோடு அவற்றைப் பார்க்கலாம்.

போன ஐப்பசி மழையில், தெரிந்த கடைத் தம்பி ஒருவன் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அண்ணே, டெட் போர்டுண்ணே. நோ டிஸ்ப்ளே. அப்டேட் போட்டிருக்காக, பாதியில கரண்டு போயிருச்சு."

"பேட்டரி?"

"அது எப்பவோ செத்துப்போச்சுண்ணே. ஒரு ஆச்சியோட பேரன் படிக்கிற லேப்டாப்பு. பரீட்சை வருதாம்."

நெட்டில் அதே மாடலுக்கான பின் ஃபைலை எவரோ போட்டிருப்பார்கள், அதை எடுத்து 'ரைட் பண்ணி'விடலாம் என்பது அவன் யோசனை. அதற்கு நான் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பேட்டரிகளைக் கழற்றி, சிப்பின் எட்டுக் காலையும் கவ்வுகிற கிளிப்பை மாட்ட வேண்டும். கிளிப்பின் மறுமுனை சிஎச்341ஏ என்ற சிறு புரோகிராமரில். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஏழைப் பங்காளன். ஆனால் குணக்கேடு ஒன்று உண்டு. பரவலாக விற்கும் கறுப்புப் பலகையில், 3.3 வோல்ட் எதிர்பார்க்கிற சிப்பின் தகவல் கால்களுக்கு 5 வோல்ட் போய்விடும். விவரம் தெரிந்தவர்கள் பலகையில் சின்ன வெட்டு ஒட்டுச் செய்துகொள்வார்கள். என்னுடையதில் அந்த ஒட்டு இருக்கிறது, அசிங்கமாக.

அடுத்து ஃப்ளாஷ்ராம் என்ற கருவி. 2000ஆம் ஆண்டு வாக்கில் லினக்ஸ்பயாஸ் திட்டத்தின் மடியில் பிறந்தது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். அது சிப்பிடம் கேட்கிற முதல் கேள்வி 'நீ யார்?' என்பதுதான். 'ஈஎஃப் 40 17' என்று பதில் வந்தால் வின்பாண்ட் நிறுவனத்தின் 8 மெகாபைட் சிப். வெறும் எஃப்எஃப் மட்டும் வந்தால் கிளிப் சரியாக உட்காரவில்லை. எனக்குப் பிடித்த பழக்கம் இந்த இடத்தில்தான்: இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பையும் ஒப்பிட்டு, ஒரு பிட் கூட மாறவில்லை என்று உறுதியான பிறகே அடுத்த வேலை. அவசரக்காரர்கள் ஒரு தடவை படித்துவிட்டு அழிக்கப் போவார்கள். பிறகு ஜோசியரைப் பார்க்க வேண்டியதுதான்.

கோப்பு கைக்கு வந்துவிட்டது. இனிதான் ரசனை.

யூஇஎஃப்ஐடூல் என்ற கருவியில் அதைத் திறந்தால், எட்டு மெகாபைட் குப்பை ஒரு மரமாகக் கிளை பிரிந்து நிற்கும். எழுதியவர் நிகொலாய் ஷ்லேய். முதலில் வருவது டிஸ்கிரிப்டர் என்கிற 4 கிலோபைட் பகுதி. எந்த அறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் எதற்குள் போகலாம் என்ற பாகப்பிரிவினைப் பத்திரம் அது. இன்டெல் இயந்திரங்களில் பதினாறு பைட் தள்ளி '5ஏ ஏ5 எஃப்0 0எஃப்' என்ற முத்திரை இருக்கும். இரும எண்ணில் எழுதிப் பாருங்கள், ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று இருக்கும் இடத்தில் மற்றதில் பூஜ்யம். கண்ணாடி பார்த்துக்கொண்ட மாதிரி. இதை வைத்தவருக்குக் கோலம் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

பத்திரத்துக்கு அடுத்து நெட்வொர்க் விவரம், அதையடுத்து மேனேஜ்மென்ட் எஞ்சின், கடைசியில் பயாஸ். செட்டிநாட்டு வீடு இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க் கொல்லை வாசல். இந்தக் கோப்பும் அப்படி நீளவாக்கில்தான். வேடிக்கை என்னவென்றால், ப்ராசஸர் நுழைவது கொல்லை வாசல் வழியாக. இப்போதைய பாதுகாப்புக் கெடுபிடிகளை ஒதுக்கிவிட்டுச் சொன்னால், இன்டெல் வம்சத்து ப்ராசஸர் பவர் வந்ததும் எட்டிப் பார்க்கிற முதல் முகவரி 4 ஜிகாபைட்டுக்குப் பதினாறு பைட் முன்னால் இருக்கிறது. கோப்பின் கடைசிப் பதினாறு பைட் அங்கேதான் போய் உட்காரும். அதற்குள் ஒரே ஒரு தாவல் கட்டளை, 'உள்ளே போ' என்று. அங்கிருந்து தொடங்கி வீடு பின்னாலிருந்து முன்னால் விழிக்கிறது. புதிதாக ஒரு டம்ப் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அந்தக் கடைசிப் பதினாறு பைட்டைத்தான்.

பழைய ஐபிஎம் பிசியில் அந்தத் தாவல் கட்டளைக்கு அடுத்தே தேதியைப் பொறித்திருப்பார்கள், மாதம், நாள், ஆண்டு என்று. எங்கள் ஊர் வீடுகளின் நெற்றியில் சுதையில் கட்டிய வருஷம் எழுதியிருப்பதைப் போல. 1981இல் வந்த அந்த பயாஸ் மொத்தமே 8 கிலோபைட். அதன் மூல நிரலை வரி விடாமல் ஐபிஎம் தன் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சடித்தே கொடுத்தது. தாராள மனசு என்று நினைக்க வேண்டாம். படித்தவன் அதேபோல எழுதினால் பதிப்புரிமை வழக்கு. அதனால் 1982இல் காம்பேக், ஒரு குழுவை விட்டுப் படிக்கச் சொல்லி, அது எழுதித் தந்த விவரக் குறிப்பை மட்டும் வைத்து, மூலத்தைக் கண்ணாலும் பார்க்காத இன்னொரு குழுவை எழுதவைத்தது. இன்றைக்கு எல்லா மேசையிலும் பிசி இருப்பதற்கு அந்த மடிசஞ்சித்தனம் ஒரு காரணம்.

1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்ரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும் தொடங்கிய அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ், பயாஸ் எழுதும் நிறுவனங்களின் வரிசையில் பெரிய பெயர். ஏஎம்ஐ என்றால் கணினி பிரித்தவர்களுக்கெல்லாம் தெரியும். சென்னையிலும் அதற்குப் பொறியாளர் கூடம் உண்டு. ஆகவே காரைக்குடியில் நான் பிரித்துப் பார்க்கும் ஏதோ ஒரு செட்டப் திரையின் பின்னால் பழைய மகாபலிபுரம் சாலையில் காபி குடித்த கை இருக்கலாம். யூஇஎஃப்ஐடூல் மரத்தில் 'ஏஎம்ஐடிஎஸ்இ' என்ற கிளையைக் கண்டால் அது அவர்கள் வீட்டுத் தூண் என்று அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

யூஇஎஃப்ஐடூலை நான் உச்சியில் வைப்பதற்குக் காரணம் அதன் நாணயம். ஒவ்வொரு கோப்புக்கும் பதினாறு பைட்டில் ஒரு அடையாள எண் இருக்கும். தெரிந்த எண்ணுக்குப் பெயர் போடும், தெரியாததற்கு எண்ணையே காட்டும். ஊகம் செய்யாது. காலி இடத்தைக் காலி இடம் என்றே சொல்லும். காலி என்று சொல்லப்பட்ட இடத்தில் காலிக்கு அடையாளமான எஃப்எஃப் தவிர வேறு ஏதாவது கிடந்தால் அதையும் தனியாகச் சுட்டும். புதிய எஞ்சினில் எழுதிய பதிப்பு படிக்க மட்டும் செய்யும், மாற்றி எழுத விடாது. மாற்ற வேண்டுமானால் பழைய 0.28 பதிப்புக்குப் போக வேண்டும். பலர் இதற்காகச் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அது ஆசாரியின் நேர்மையாகப் படுகிறது: முழுதாகப் புரிந்துகொள்ளாத கட்டடத்தில் சுவரை இடிக்க மாட்டேன் என்கிறார்.

பின்வாக் வேறு ரகம். கிரெய்க் ஹெஃப்னர் 2010 வாக்கில் எழுதியது. 2024இல் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதப்பட்டது. அதற்கு வீட்டின் வரைபடம் தேவையில்லை. கோப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மோப்பம் பிடித்துக்கொண்டே போகும். 'எம்ஸட்' என்று இரண்டு எழுத்துக் கண்டால் விண்டோஸ் பாணி நிரல். மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் முதலெழுத்துகள் அவை, அவர் விட்டுப்போன கைநாட்டு. 'பிகே' கண்டால் ஸிப். அது ஃபில் காட்ஸ். வீட்டு ரௌட்டரின் ஃபர்ம்வேரைக் கொடுத்தால் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற அமுக்கிய கோப்புறையைக் கண்டுபிடித்து விரித்தும் வைக்கும், உள்ளே ஒரு முழு லினக்ஸ் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். மோப்பக்காரனுக்கே உரிய குறை, இல்லாத இடத்திலும் குரைப்பது. இரண்டு மூன்று பைட் தற்செயலாக ஒத்துப்போனால் 'இங்கே அமுக்கிய கோப்பு' என்று சத்தியம் செய்யும். பழகியவர்கள் பாதியை நம்புவார்கள்.

ஆனால் அதன் என்ட்ரோபி வரைபடத்துக்காக எதையும் மன்னிக்கலாம். பைட்டுகள் எந்த அளவுக்குக் கணிக்க முடியாமல் கலைந்து கிடக்கின்றன என்பதைக் கோடாகப் போட்டுக் காட்டும். வெறும் எஃப்எஃப் இருக்கும் இடம் தரையில் கிடக்கும். சாதாரண நிரல் மேடும் பள்ளமுமாக நடக்கும். அமுக்கியதும் மறையாக்கியதும் உச்சியில் பலகை வைத்த மாதிரி தட்டையாக ஓடும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி படிக்காமலே, எங்கே ஆள் குடியிருக்கிறார், எங்கே பூட்டு, எங்கே வெறும் முற்றம் என்று தெரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல் போடுகிறவர்கள் கண்ணாடியின் மேல் வண்ணச் சிமென்ட்டைக் கவிழ்த்து ஊற்றும்போது நமக்கு முதுகுதான் தெரியும். அவர்களுக்கு முகம் தெரியும். இந்த வரைபடத்தைப் பல வருஷம் பார்த்தால் அந்தக் கண் கொஞ்சம் வரும்.

பூட்டிய அறை என்று சொன்னால் மேனேஜ்மென்ட் எஞ்சின்தான். லேப்டாப் அணைந்திருப்பதாக நாம் நினைக்கும்போதும் விழித்திருக்கக்கூடிய, தனியான குட்டி ப்ராசஸருக்கான நிரல் அது. பகிர்ந்து வாழும் வீட்டில் புள்ளிக்கு, அதாவது தம்பதிக்கு, ஒரு அறை, சாவி அவரவர் இடுப்பில் என்கிற கதை. இந்தச் சாவி இன்டெல்லின் இடுப்பில். அதன் சில பகுதிகளை அமுக்கிய முறைக்கான அகராதியே கோப்பில் கிடையாது, சிலிக்கானுக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்த அகராதியைத் துணுக்குத் துணுக்காகத் தாங்களே ஊகித்து மீட்டார்கள். 2017இல் உள்ளே இருப்பது மினிக்ஸ் என்று வெளியே தெரிந்தது. மாணவர்களுக்குப் பாடம் நடத்த மினிக்ஸை எழுதிய பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம், எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற தொனியில் இன்டெல்லுக்குத் திறந்த மடல் எழுதினார். தன் வீட்டுத் தூணை ஏதோ ஓட்டல் வரவேற்பறையில் பார்த்தவரின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதால் பொது நன்மை உண்டா என்று கேட்பவர்களுக்கு 2024 ஜூலைச் சம்பவம் ஒன்று போதும். பைனார்லி என்ற நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஆயிரக்கணக்கான ஃபர்ம்வேர்களை உருவிப் பார்த்தபோது, நம்பத்தக்க நிரலை மட்டுமே விழிக்கவிடும் செக்யூர் பூட் என்ற காவலின் தலைமைச் சாவி இருக்க வேண்டிய இடத்தில், நூற்றுக்கணக்கான மாடல்களில் ஏஎம்ஐயின் சோதனைச் சாவியே கிடந்தது. அதன் பெயரிலேயே 'நம்பாதீர்கள்' என்று ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மாதிரிக்குக் கொடுத்த பூட்டை மாற்றாமல் அப்படியே வாசலில் மாட்டிவிட்டார்கள் கணினி தயாரிப்பாளர்கள். கோப்பைத் திறந்து பெயரைப் படிக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. இப்படிப் பிரிக்கச் சட்டம் விடுமா என்றால், நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சட்டப்படி கையில் இருக்கும் நிரலின் இயக்கத்தைக் கவனிக்கவும் ஆராயவும் சோதிக்கவும் இடம் கொடுக்கிறது. நல்ல பிரிவு.

இனி அந்தத் தம்பியின் லேப்டாப். நெட்டில் கிடைக்கும் பின் ஃபைலை ஏன் வேண்டாம் என்றேன்? அது இன்னொரு இயந்திரத்தின் டம்ப். அதனுள் அந்த இயந்திரத்தின் சீரியல் நம்பர், அடையாள எண், விண்டோஸ் சாவி, சில மாடல்களில் நெட்வொர்க் முகவரி வரை இருக்கும். அதை அடித்தால் லேப்டாப் விழிக்கும். வேறு ஒருவராக விழிக்கும். நம் சர்வீஸ் உலகில் இது சர்வ சாதாரணம், அவசரத்தில் வாடிக்கையாளர் கேட்பதும் இல்லை. எனக்கு மட்டும் முனீஸ்வரன் கோயில் தெரு ஞாபகம் வந்துவிடும். வீட்டை இடித்துச் சாமானாக்குவதும் வேலைதான். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் இருக்கும் செட்டிநாட்டு வீட்டைப்போல எந்தக் கட்டை எந்தக் கட்டையோடு என்று பார்த்துப் பிரித்துத் திரும்ப எழுப்புவதும் வேலைதான். கூலி என்னவோ முதல் வேலைக்குத்தான் கட்டுபடியாகும்.

டம்ப்பை மரமாக விரித்ததும் காயம் தெரிந்தது. வால்யூம் என்கிற முக்கியமான ஒரு பகுதியின் நடுவே புதிய பதிப்பும் பழைய பதிப்பும் பாதிப் பாதி, இடையில் ஒரு துண்டு வெறும் எஃப்எஃப். கருவி அந்த இடத்தில் செக்சம் தவறு என்று ஒரு வரி போட்டுவிட்டு மேலே போயிருந்தது. டிஸ்கிரிப்டர், மேனேஜ்மென்ட் எஞ்சின், அடையாளங்கள் இருக்கும் என்விரேம் எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. தயாரிப்பாளர் தளத்தில் கிடைத்த அதே பதிப்பின் அப்டேட் கோப்பைப் பிரித்து, கெட்ட வால்யூமை மட்டும் எடுத்து, ஹெக்ஸ் எடிட்டரில் அதே எண்ணில் தொடங்கி அதே எண்ணில் முடித்து ஒட்டினேன். மீண்டும் யூஇஎஃப்ஐடூலில் திறந்தால் புகார் இல்லை. முக்கால் மணி நேர வேலை. நெட் பின் ஃபைல் என்றால் ஐந்து நிமிஷம் என்பதைத் தம்பி மறக்காமல் சொன்னான்.

எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, கிளிப்பைக் கழற்றி, பேட்டரி இல்லாமல் சார்ஜரை மட்டும் செருகிப் பட்டனை அழுத்தினோம். ஃபேன் சுற்றியது. திரை கறுப்பு. அரை நிமிஷம். ஒரு நிமிஷம். தம்பியின் விரல் பட்டனை நோக்கிப் போனது, பிடித்து நிறுத்தினேன். முதல் தடவை மெமரியை ஒவ்வொரு கம்பியாக அளந்து பார்த்துப் பழக்கிக்கொள்ளும், அதற்கு நேரமாகும், அப்போது அணைத்துவிடக் கூடாது.

திரை வந்தது. சீரியல் நம்பர் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரோடு ஒத்துப்போனது. தேதி மட்டும் 2018 ஜனவரி 1.

"கடியாரத்த நான் மாத்திக்கிறேண்ணே," என்றான். "அந்த ரெண்டு டம்ப்ப அழிச்சிரவா?"

"வச்சிரு தம்பி," என்றேன்.