பிடித்த பூச்சியும் வளர்த்த பல்லியும்

“சுவர்ப்பல்லி தெருவிளக்குப் பூச்சியைத் தின்றுதானே கொழுத்துக் கிடக்கிறது? காசு கொடுத்து வாங்கிய பல்லிக்கு மட்டும் என்ன தனிச் சாப்பாடு?” லெப்பர்டு கெக்கோவோ பியர்டட் டிராகனோ வளர்க்கும் வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருக்காது. சென்னைப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலி மனைக்கும் ஏரிக்கரைப் புல்லுக்கும் இன்னும் பஞ்சமில்லை. மழைக்காலத்தில் வலைகூட வேண்டாம், வெறுங்கையாலேயே ஒரு டப்பா வெட்டுக்கிளி சேர்த்துவிடலாம்.

கேள்வியில் நியாயமும் இருக்கிறது. கடையில் வாங்கும் மீல்வோர்ம் புழு, பிறந்தது முதல் தவிட்டைத் தவிர வேறெதையும் அதிகம் கண்டிருக்காது. வெளியில் திரிந்த வெட்டுக்கிளி நாலு வகைத் தழை தின்றிருக்கும். கரோட்டினாய்டும் நல்ல கொழுப்பமிலங்களும் அதன் உடலில் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கும் பிராணிக்கு, தாவி ஓடும் இரையைத் துரத்துவது நல்ல வேலையும்கூட. இதுவரை பிடிபூச்சிக் கட்சிக்காரர்கள் சொல்வது சரி.

இயற்கையில் மேய்ந்த பூச்சி கொடுத்தால் கால்சியப் பொடி தேவையில்லை என்று சிலர் அடுத்த படிக்குப் போகிறார்கள். அது தவறு. வயலில் பிடித்தாலும் டப்பாவில் வளர்த்தாலும் பெரும்பாலான பூச்சிகளில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பல்லிக்கு வேண்டியதோ பாஸ்பரஸ் ஒரு பங்குக்குக் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. பொடி தூவாமல், டிராகனுக்கு யுவிபி விளக்கும் போடாமல் விட்டால் எலும்பு இளகும், தாடை தொய்யும், கால் வளையும். பிடிபூச்சி இதற்கு மருந்தல்ல. இன்னொன்று: இகுவானா தழை தின்னும் பிராணி. அதற்குக் கரப்பான் பிடித்துப் போடுபவர்கள் நல்லது செய்வதாக எண்ணிக் கெடுதல் செய்கிறார்கள்.

பூச்சி எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. மாநகராட்சிகளின் கொசுப்புகை வண்டி எந்தத் தெருவில் என்றைக்கு வந்துபோனது என்பது வெட்டுக்கிளியின் முதுகில் எழுதியிருக்காது. நாடு முழுதும் இந்தப் புகைக்குப் பயன்படும் மருந்துகள் மாலத்தியான், பைரெத்ரம், சைஃபீனோத்ரின் போன்றவை. பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் மல்லிகைத் தோட்டங்களில் மொக்குப்புழுவுக்கு மருந்து அடிப்பது வழக்கம். கொரட்டூர் ஏரியில் கழிவு கலக்கும் வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. பக்கத்திலேயே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. காட்மியம் போன்ற உலோகங்களைப் பூச்சிகள் உடலில் தேக்கிக்கொள்ளக்கூடும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் வெளியிட்ட அறிக்கை கவனப்படுத்தியது. அந்த ஏரிக்கரைப் பூச்சியில் என்ன இருக்கிறது என்பதை நாம் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் பலரும் கவனிக்காத ஒரு பொறி உண்டு. நல்ல உடம்புள்ள கரப்பான் கைக்குச் சிக்காது. பட்டப்பகலில் சமையலறைத் தரையில் தள்ளாடி நடப்பதும், மல்லாந்து கால் உதைப்பதும் பெரும்பாலும் பூச்சிமருந்து சாக்பீஸ் கோட்டையோ ஜெல் மருந்தையோ தொட்டு வந்தவை. அதாவது, எளிதாகப் பிடிபடும் பூச்சிதான் நஞ்சு ஏறியதாக இருக்க அதிக வாய்ப்பு. மனிதன் பிடிக்கும்போதே மோசமானதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறான். பல்லிக்கும் மந்தமான இரைதான் எளிதில் சிக்கும்.

சரி, சுவர்ப்பல்லி மட்டும் எப்படிப் பிழைக்கிறது? நாம் பார்ப்பது பிழைத்ததை மட்டும்தான். செத்தது அலமாரிக்குப் பின்னால் கிடக்கும். தவிர, சுவர்ப்பல்லி இந்த ஊர்ப் பூச்சிகளோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியது. லெப்பர்டு கெக்கோ பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட நிலத்துக்காரன். பியர்டட் டிராகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. எது விஷம் என்று பிராணிக்கே தெரியும் என்ற நம்பிக்கையை 1999-இல் தாமஸ் ஐஸ்னர் உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை உடைத்துப்போட்டது. அமெரிக்க மின்மினியைத் தின்ற பியர்டட் டிராகன்கள் வாயைப் பிளந்து, நிறம் கறுத்துச் செத்தன. கொல்வதற்கு ஒரே ஒரு மின்மினி போதும் என்றார்கள். அந்த மின்மினியைத் தன் நாட்டில் சந்தித்தே இராத டிராகனுக்கு அதைத் துப்பத் தெரியவில்லை.

நம் ஊரில் அதற்கு ஈடான ஆபத்து காலி மனை எருக்கஞ்செடியில் உட்கார்ந்திருக்கிறது. எருக்கிலை தின்னும் பூச்சிகள் பல, அதன் நச்சை உடலில் சேர்த்துவைக்கும். மஞ்சளும் நீலமுமாக மினுங்கும் எருக்கு வெட்டுக்கிளியின் குஞ்சைச் சீண்டினால் திரவத்தைப் பீய்ச்சும். 2020 மே மாதம், வடக்கே பாலைவன வெட்டுக்கிளிப் பீதி பரவியபோது கிருஷ்ணகிரி மாவட்டம் நேரலகிரியில் எருக்கில் மொய்த்தவற்றைக் கண்டு மக்கள் கலங்கினார்கள். உள்ளூர் வகைதான், பயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள் அதிகாரிகள். பயிருக்கு இல்லாவிட்டாலும் பல்லிக்கு உண்டு. வெண்டை, செம்பருத்திப் பூவில் மேயும், கறுப்பில் ஆரஞ்சுப் பட்டை போட்ட கொப்புள வண்டும் அப்படித்தான். மனிதத் தோலையே கொப்புளிக்க வைக்கும் கேந்தாரிடின் அதில் இருக்கிறது. பளிச்சென்ற நிறத்தைக் கண்டால் ஒதுங்குவது நல்ல பழக்கம்.

ஒட்டுண்ணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராய்லியெட்டியெல்லா என்ற நாக்குப்புழு வகை சுவர்ப்பல்லியின் நுரையீரலில் வாழும். அதன் முட்டையைக் கரப்பான் தின்னும், கரப்பானை அடுத்த பல்லி தின்னும். வீட்டுக் கரப்பானை வளர்ப்புப் பல்லிக்குப் போடுபவர் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாகிறார்.

கடைப்பூச்சியும் சுத்தமானதல்ல. 2009-ஐ ஒட்டி வட அமெரிக்கக் கிரிக்கெட் (சுவர்க்கோழி) பண்ணைகளை டென்சோ வைரஸ் காலி செய்தது. நெருக்கி அடைத்து வளர்த்தால் நோய் வரும். ஆனால் அங்கே மருந்துத் தெளிப்பு இராது என்ற ஓர் உறுதி உண்டு, ஏனென்றால் தெளித்தால் பண்ணைக்காரனின் சரக்கே செத்துவிடும்.

பிடித்த பூச்சியை மூன்று நாள் டப்பாவில் வைத்து, உயிரோடு இருப்பதை மட்டும் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடும் நஞ்சு ஏறியது அதற்குள் செத்துவிடும் என்பதால் இது பாதி பலன் தரும். உலோகமும் புழுவும் டப்பாவில் வடிந்துவிடாது.

ஈசலுக்கு மட்டும் நான் சற்று இளகுவேன். முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து கூட்டமாகக் கிளம்பியது என்றால் அந்தப் புற்று நலமாக இருந்திருக்கிறது என்று பொருள். ஈசலை அரிசியோடு வறுத்துத் தின்னும் ஊர்க்காரர்கள் நாம். கொழுப்பு அதிகம் என்பதால் வருடத்தில் ஓரிரு நாள் பலகாரம் போல் கொடுக்கலாம், அதுவும் புகை வண்டி வராத இடத்தில் பிடித்திருந்தால்.

பிடிபூச்சியின் பலனை ஆபத்தில்லாமல் பெற நல்ல வழி, அதன் பிள்ளைகளைக் கொடுப்பதுதான். சுவர்க்கோழிகள் சிலவற்றைப் பிடித்து, முட்டை அட்டையும் ஈர மணலும் வைத்து வளர்த்து, பொரித்து வந்த தலைமுறைக்குக் கீரையும் கேரட்டும் கொடுத்துப் பிறகு இரையாக்கலாம். நான் சொன்ன ஒட்டுண்ணி தாய்ப்பூச்சியோடு நின்றுவிடும், அடுத்த தலைமுறைக்குப் போகாது. சென்னை வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம். எறும்புதான் எதிரி. டப்பாவைத் தண்ணீர்த் தட்டின் நடுவே உயர்த்தி வையுங்கள், எறும்பு சாக்பீஸைத் தொடாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வெளிப்பூச்சி தின்ற பல்லி வாயைப் பிளந்தாலோ துடித்தாலோ, மிச்சமுள்ள பூச்சியை ஒரு டப்பாவில் போட்டு, பல்லியோடு சேர்த்துக் கால்நடை மருத்துவரிடம் உடனே கொண்டு போங்கள். எந்த இடத்தில் பிடித்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.