நன்னூற் பாயிரமும் ஆங்கில இலக்கணம் பயிற்றலும்

கொங்குநாட்டில், பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தை நன்னூலாசிரியர் பவணந்தி முனிவரின் ஊராகக் கொள்ளும் மரபொன்று உண்டு. கற்றல் கற்பித்தல் பற்றி அம்முனிவர் வகுத்தவை, இன்று கொங்குநாட்டுக் கல்லூரிகளில் ஆங்கில இலக்கணம் பயிற்றுவார்க்குத் துணையாகுமா என ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கோயம்புத்தூர்க் கல்லூரிகளின் பட்ட வகுப்பில், ஆங்கில வழியிற் பயின்றாரும் சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் வழியிற் பயின்றாரும் அருகருகே அமர்ந்திருப்பர். இருவர்க்கும் நூல் ஒன்று, விளக்கம் ஒன்று, தேர்வும் ஒன்று. முன்னவர்க்கு அப்பாடம் அறிந்ததையே மீளக் கேட்டலாகிறது. பின்னவர்க்கு விளங்காததை எழுதிக்கொள்ளலாகிறது. பின்தங்கியவரை 'இல்லிக்குடம்' என நகைக்கும் ஆசிரியரும் உளர். நன்னூலை இதனினும் பிழைபட உணர்தல் அரிது.

பொதுப்பாயிரம் தலைமாணாக்கர்க்கு அன்னத்தையும் ஆவையும், இடைமாணாக்கர்க்கு மண்ணையும் கிளியையும், கடைமாணாக்கர்க்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றையும் உவமை கூறும். அன்னம் பாலைப் பிரித்துக் கொள்வது. ஆ மேய்ந்ததை அசைபோடுவது. நெய்யரி நல்லதை விட்டு அல்லதைப் பற்றுவது. இவை யாவும் கொள்ளும் இயல்பைச் சுட்டுவன. முன்னர்க் கற்ற அளவைச் சுட்டுவன அல்ல. ஆங்கிலம் குறைவாகக் கற்று வந்தவருள்ளும் அன்னம் போல்வார் உளர். நிறையக் கற்று வந்தவருள்ளும் நெய்யரி போல்வார் உளர். மேலும், மண் உழவனது முயற்சியின் அளவிற்கே பயன் தரும் என்னும் உவமை, ஆசிரியர் மீதும் பொறுப்பினை ஏற்றுகின்றது. எனினும், கடைமாணாக்கரைத் திருத்தும் வழியைப் பாயிரம் விரித்துரைக்கவில்லை என்னும் குறையையும் மறைத்தற்கில்லை.

அங்ஙனமாயின் நிலைவேறுபாட்டிற்கு நன்னூல் காட்டும் வழி யாது? அஃது உரையிலக்கணத்தில் அமைந்துள்ளது. கருத்தும் பதப்பொருளும் எடுத்துக்காட்டும் வினாவிடையும் கொண்டு சூத்திரப் பொருளைச் சுருங்க விளக்குவது காண்டிகை. அங்கு வேண்டிய பிறவற்றையும் சேர்த்து ஐயமற விரிப்பது விருத்தி. நூல் ஒன்றே, உரை இருவகைத்து. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் இலக்கண வினாவிடை, இலக்கணச் சுருக்கம், நன்னூற் காண்டிகையுரை என ஒரே பொருளை வெவ்வேறு அளவில் ஆக்கியதும் இந்நெறி பற்றியதே எனலாம்.

இதனை ஆங்கிலத்திற் பொருத்திக் காண்போம். நிகழ்கால வினை, படர்க்கை ஒருமை எழுவாயோடு வருங்கால் இறுதியில் 'எஸ்' பெறும். 'ஹி ரன்ஸ்', 'தே ரன்' எனக் காட்டி, வினாவிடையாற் பழக்குதல் முதனிலையார்க்குரிய காண்டிகை. பெயரிற் பன்மை காட்டும் 'எஸ்', வினையில் ஒருமையோடு வருதலே அவரை மயங்கச் செய்வது. அம்மயக்கத்தை முதற்கண் நீக்குதல் வேண்டும். இடைநிலையார்க்கு ஓடுகிறான், ஓடுகிறாள், ஓடுகிறது என்பவற்றோடு ஒப்பிட்டு, தமிழ்வினை ஈற்றாற் காட்டும் பாலை ஆங்கிலம் எழுவாய்ப் பெயரால் மட்டும் காட்டுதலை விளக்கலாம். பழைய ஆங்கிலத்தில் இடந்தோறும் வேறுபட்ட ஈறுகள் இருந்து பின்னர்த் தேய்ந்தமையையும், அவற்றுள் எஞ்சியதே இவ் 'எஸ்' என்பதையும் கூறுதல் மேனிலையார்க்குரிய விருத்தி. விதி ஒன்றே, விளக்கும் அளவே வேறு.

ஒரே வகுப்பில் இவ்விரிவுகள் அனைத்தும் இயலுமோ எனின், பாயிரமே விடை தருகின்றது. ஆசிரியர்பாற் கொள்வது காற்பங்கு. உடன்பயில்வாரொடு பழகிப் பெறுவது காற்பங்கு. பிறர்க்கு உரைத்தலால் நிரம்புவது எஞ்சிய அரைப்பங்கு என்பது அதன் கருத்து. இதன்படி, முன்னேறிய மாணாக்கர் அருகிருப்பவர்க்குத் தமிழில் விதியை எடுத்துரைத்தல் இரக்கச் செயலன்று. தம் கல்வியின் பாதியை நிரப்பிக்கொள்ளும் வழியாம். நிலை வேறுபட்டோர் ஒருங்கிருத்தலைக் குறையெனக் கருதும் நமக்கு, அதுவே கல்விக்கு வாய்ப்பாதலை இப்பகுதி உணர்த்துகின்றது.

கொள்வோனது கொள்ளுந் திறனை அறிந்து கற்பிக்க வேண்டும் என்பது பவணந்தியார் ஆசிரியர்க்கு விதித்த கடன். மாணாக்கரை உவமையால் அளப்பதற்கு முன்னர், அவர்க்குரிய உரையை நாம் வகுத்தளித்தோமா என வினவுதலே ஆங்கிலம் பயிற்றுவார்க்கும் தமிழ் பயிற்றுவார்க்கும் முறையாகும்.