கைக்கெட்டும் விலையில் மாயாவி

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில், லயன்-முத்து காமிக்ஸ் ஸ்டால் இருக்கும் வரிசைக்கு வந்ததும் கூட்டத்தின் நடை மெதுவாகிவிடும். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் வாங்க வேண்டியதை வாங்கி முடித்தவர்கள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாயகர்களில் சிறந்தவர் டெக்ஸ் வில்லரா கேப்டன் டைகரா என்று முன்பின் தெரியாத ஒருவரோடு வாதாடிக்கொண்டிருப்பார்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் இதே காட்சிதான். அங்கே சிவகாசியிலிருந்து லயன்-முத்து ஆசிரியரும், தமிழ்நாட்டின் நாலா திசையிலிருந்தும் வாசகர்களும் வந்து சேர்கிறார்கள். மேலைநாடுகளில் காமிக்ஸ், அறிவியல் புனைகதை ரசிகர்கள் கூடும் கன்வென்ஷனுக்கு என்னென்ன குணங்கள் உண்டோ அத்தனையும் இதில் இருக்கின்றன, பெரிய மேடையும் விலையுயர்ந்த டிக்கெட்டும் தவிர. அந்த இரண்டும் இல்லாதது இதன் குறை என்று பலர் நினைக்கிறார்கள். படக்கதை என்ற கலைக்குப் பொருத்தமான கூடுகை மலிவானதாகத்தான் இருக்க முடியும் என்பது என் கட்சி. மலிவுக்கும் அந்தக் கலைக்கும் உள்ள உறவு அதன் கோடு வரை போகிறது.

இரும்புக்கை மாயாவியையே எடுத்துக்கொள்வோம். 1972-இல் முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கியபோது முதல் இதழின் நாயகன் அவன்தான். மூலம் 1962-இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கிய தொடர். எழுதியவர் அறிவியல் புனைகதை நாவலாசிரியரான கென் பல்மர், வரைந்தவர் ஸ்பெயின்காரரான ஹேசுஸ் பிளாஸ்கோ. சிறுவர்கள் கைச்செலவுக் காசில் வாங்கும் இதழ், மட்டமான நியூஸ்பிரிண்ட், கருப்பு மை ஒன்றே ஒன்று. மின்சாரம் பாய்ந்ததும் லூயிஸ் கிராண்டேலின் உடல் மறைந்து உலோகக் கை மட்டும் மிஞ்சும் கட்டங்களைக் கவனித்துப் பாருங்கள். ஆள் இல்லை, சுவரில் கனத்த நிழல், பாதி திறந்த கதவு, நடுவில் அந்தரத்தில் ஒரு கை. கையின் மூட்டுகளில் மட்டும் பளபளப்புக்காகச் சின்னச் சின்ன வெள்ளை இடைவெளிகள் விட்டிருப்பார் பிளாஸ்கோ. ஊறிப் பரவும் மலிவுத் தாளில் நுணுக்கமான சாயல்கள் நிற்காது என்று தெரிந்தவரின் தீர்மானம் அது. அடர்ந்த கருப்பும் வெறும் தாளும் மோதிக்கொள்ளும் இடத்தில்தான் பயம் பிறக்கிறது. இதே பக்கங்களை வழவழப்பான தாளில் அச்சிட்டால் கோடு துலங்கும், ஆனால் அந்த இருட்டில் கொஞ்சம் குறைந்துவிடுகிறது. தாளின் எளிமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டே வளர்ந்த கலை இது. பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கி, ஒன்றிரண்டு ரூபாய்க்கு விற்று, பத்துக் கை மாறி வந்தது. அதை ரசிப்பவர்கள் கூடும் இடத்துக்கும் அந்த எளிமை இருந்தால்தான் பொருந்தும்.

பழைய பாணிக் கூடுகை என்றால் என்ன? ஒரு கூடம், மடக்கு மேஜைகள், அட்டைப் பெட்டிகளில் செங்குத்தாக அடுக்கிய இதழ்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டியிருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும். பழைய இதழைக் கையில் எடுப்பவர் அட்டையை அவ்வளவாகப் பார்ப்பதில்லை, நேரே நடுப்பக்கத்துக்குப் போவார். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றிருக்கிறதா, நடுத்தாள் கழன்று போயிருக்கிறதா, கடைசிப் பக்கத்துக் குறுக்கெழுத்தை யாராவது பேனாவால் நிரப்பியிருக்கிறார்களா என்று பார்ப்பார். முதல் பக்கத்தில் ஏதோ ஒரு வாடகை நூலகத்தின் ஊதா முத்திரை இருக்கும். சிலருக்கு அது கழிவு. சிலர் அதற்காகவே வாங்குவார்கள், அந்த இதழ் எந்த ஊரில் எத்தனை பேரிடம் போய்வந்தது என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி என்பதால். இந்தச் சோதனை நடக்கும் ஐந்து நிமிடத்தில் மேஜைக்கு அந்தப்பக்கம் இருப்பவர் பேச ஆரம்பித்துவிடுவார். ரசனை கைமாறுவது அப்போதுதான். இதில் ஆராய்ச்சிக்கும் இடமுண்டு. வேலியன்ட், லயன் போன்ற பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர் பெயரைப் பெரும்பாலும் அச்சிடவே இல்லை. எந்தப் பக்கம் பிளாஸ்கோ, எந்தப் பக்கம் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரை வரைந்த ரெஜ் பன் என்பதையெல்லாம் பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்து, கோட்டைக் கொண்டே அடையாளம் கண்டு சொன்னதில் ரசிகர்களின் பங்கு பெரிது. பல்கலைக்கழகங்கள் இந்தக் கலையைத் திரும்பிப் பார்க்காத காலத்தில் ரசிகர்கள் செய்த வேலை அது.

வரலாறும் எளிய கூடுகைக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 200 பேர். இன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரளும் சான் டியேகோ காமிக்-கான், 1970-இல் ஒரு ஹோட்டலின் அடித்தளத்தில் முந்நூறு பேரோடு தொடங்கியது. ரே பிராட்பரியும் ஜாக் கிர்பியும் அந்த முந்நூறு பேருக்கு நடுவில் நின்று பேசினார்கள். டோக்கியோவின் காமிக் மார்க்கெட் 1975 டிசம்பரில் 32 குழுக்களோடும் சுமார் 700 பேரோடும் ஆரம்பித்தது. அங்கே வருகிறவர்களை வாடிக்கையாளர் என்று கருதுவதில்லை. விற்பவர், வாங்குபவர், தொண்டர் எல்லோரும் பங்கேற்பாளர்கள் என்பது அவர்களின் அடிப்படைக் கொள்கை. பல லட்சம் பேர் வரும் நிகழ்வாக வளர்ந்த பிறகும் அதை அவர்கள் விடவில்லை. கூட்டம் பெருத்தால் தோழமை போய்விடும் என்பவர்களுக்கு இது நல்ல பதில். யாரை விருந்தாளியாகவும் யாரை வீட்டுக்காரராகவும் நினைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் கூட்டத்தின் குணம் அமைகிறது.

இதை ஒட்டி எழும் மறுப்பு நியாயமானதுதான். 2024 பிப்ரவரியில் சென்னைக்கு முறையான காமிக்-கான் வந்துவிட்டதே, நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இளைஞர்கள் வேடமிட்டு வந்து கொண்டாடினார்களே, இன்னும் மடக்கு மேஜையைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அந்த விழாவைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மாதக்கணக்கில் அட்டையும் ஃபோமும் வெட்டித் தைத்து ஒரு கவசத்தைத் தானே செய்து அணிந்து வரும் மாணவியின் உழைப்பில் முழுமையான ரசனை இருக்கிறது. இளம் ஓவியர்களுக்கு அங்கே மேஜை கிடைக்கிறது, வெளிநாட்டுப் படைப்பாளிகள் வருகிறார்கள். ஆனால் நுழைவதற்கே தலைக்குப் பல நூறு ரூபாய். வர்த்தக மையம் இருப்பது மவுண்ட்-பூந்தமல்லி சாலையில். பூந்தமல்லியில் பஸ் ஏறினால் வாசலிலேயே இறங்கிவிடலாம். ஆக, மேற்குப் புறநகர்க் குடும்பத்துக்குத் தடை தூரமல்ல. நான்கு பேர் உள்ளே போவதற்குள் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் கரைந்துவிட்டால், அப்புறம் புத்தகம் வாங்க எது மிஞ்சும்? கட்டணம் கூடக்கூட, கொடுத்த காசுக்குக் காட்சி வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடுகிறது. அரங்கத்தில் திரைப்படமும் கேமிங்கும் முன்னுக்கு வருகின்றன, காகிதம் ஓரத்துக்குப் போகிறது. இதில் யார் தவறும் இல்லை. பெரிய அரங்கின் வாடகையை ஈடுகட்ட வேண்டிய கணக்கு அப்படி.

அதனால்தான் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்ற இந்தப் பகுதியை மனதில் வைத்து இதை யோசிக்க வேண்டியிருக்கிறது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப், பாடியின் லூகாஸ் டி.வி.எஸ்., ஆவடியின் டாங்கித் தொழிற்சாலை, அம்பத்தூர் எஸ்டேட் என்று ஷிப்ட் சங்கை வைத்து நேரம் கணக்கிட்ட ஊர்கள் இவை. பயணத்திலும் ஓய்விலும் சின்ன விலைக்குக் கிடைக்கும் வாசிப்பு இந்த ஊர்க்காரர்களுக்கானது. ஆவடி-அம்பத்தூர் தடத்தின் மின்சார ரயில்கள் சென்ட்ரலுக்கு அருகில் வந்து நிற்கும் முனையம், பழைய மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் எழுந்தது. 1985-இல் தீயில் அழியும் வரை நகரத்தின் பழைய புத்தகங்களுக்கெல்லாம் அதுதான் சந்தை. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வந்தவருக்கு ரயிலை விட்டு இறங்கினால் எட்டி நடக்கும் தூரம். பழைய இதழ்களைப் புரட்டுவதற்குச் செலவில்லாத பொது இடம் ஒன்று அன்றே போய்விட்டது. அதற்கு ஈடாக இந்தப் பக்கம் எதுவும் வரவில்லை. தேவைப்படுவது பெரிதல்ல. சி.டி.எச். சாலை நெடுக இருக்கும் கல்யாண மண்டபங்களில் ஒன்று, முகூர்த்தம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, முப்பது மேஜை. பழைய புத்தகக் கடைக்காரர்கள், சேகரிப்பாளர்கள், பதிப்பாளர் ஓரிருவர். நுழைவு இலவசம், மேஜைக்கு மட்டும் சிறு வாடகை. தலைநகரின் நடுவில் வைத்தால்தான் கூட்டம் வரும் என்ற அச்சத்துக்கு ஈரோடு பதில் சொல்லிவிட்டது. மாவட்டந்தோறும் அரசு நடத்தும் புத்தகத் திருவிழாக்களும் அதையே காட்டுகின்றன.

இன்னொரு மறுப்பு உண்டு, இது கொஞ்சம் கூர்மையானது: இதெல்லாம் நடுவயது ஆண்களின் பால்யகால ஏக்கம், அவர்களோடு முடிந்துவிடும் என்பது. ஏக்கம் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஏக்கம் மட்டுமே என்றால் அவர்கள் மாயாவியோடு நின்றிருக்க வேண்டும். 2012 ஜனவரியில் லயன் கம்பேக் ஸ்பெஷல் என்ற இதழ் வந்த பிறகு அதே வாசகர்கள்தான் வண்ணத்திலும் நல்ல தாளிலும் வந்த லார்கோ வின்ச் கதைகளை வரவேற்றார்கள். பங்குச் சந்தையும் நிறுவனக் கபளீகரமும் கதைக்களமாக இருக்கும் ஐரோப்பியப் படைப்பு அது, சிறுவயது நினைவோடு அதற்குத் தொடர்பே இல்லை. அந்தப் புதிய இதழ்களின் விலை நூறு ரூபாயைத் தொட்டதையும் சொல்லியாக வேண்டும். காகிதமும் உரிமத்தொகையும் ஏறிவிட்ட காலத்தில் புத்தகம் ஒன்றிரண்டு ரூபாய்க்கு வராது. படைப்பாளிக்கும் பதிப்பாளருக்கும் போய்ச் சேரும் அந்த விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. சந்தா கட்டி முன்பணம் கொடுக்கும் வாசகர்கள் அதை மனமுவந்தே கொடுக்கிறார்கள். வாசலில் வாங்கும் காசைத்தான் குறைக்கச் சொல்கிறேன், அது மிச்சமானால் புத்தகத்துக்குப் போகும். பத்து வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் இது இன்னும் பொருந்தும். சும்மா உள்ளே வந்து, யாரும் விரட்டாமல் ஒரு மணி நேரம் பெட்டியைக் கிளறி, இருபது ரூபாய்க்கு அட்டை கிழிந்த ராணி காமிக்ஸ் ஒன்றை எடுத்துப் போக முடிந்தால்தான் அடுத்த தலைமுறை வாசகர் உருவாவார். பழைய இதழ்களுக்குச் சேகரிப்பாளர் சந்தையில் ஆயிரக்கணக்கில் விலை ஏறியிருப்பதற்குக்கூட ஒரு காரணம், பொதுவில் பெட்டி திறக்கும் இடம் இல்லாததுதான். அரிதானது எது, அரிது என்று சொல்லி விற்கப்படுவது எது என்று பத்துப் பேர் முன்னால் பெட்டியைத் திறந்தால் தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கூடுகைக்கு ஆதரவாக இருக்கும் வலுவான நியாயம் வாங்குவதிலும் விற்பதிலும் இல்லை. தமிழில் காமிக்ஸ் என்றதும் நினைவுக்கு வருபவற்றில் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு. வாண்டுமாமாவும் முல்லை தங்கராசனும் தமிழில் நிறையவே உழைத்தார்கள். அறிவியல் புனைகதையில் சுஜாதா ஜீனோ என்ற இயந்திர நாயை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராக்கினார். இருந்தும் எழுதி, வரைந்து, தானே அச்சிடும் இளைஞர்களின் தொடர்ச்சி நமக்கு உருவாகவில்லை. அது எப்படி உருவாகும் என்பதற்கு ஸ்பைடரின் கதையிலேயே விடை இருக்கிறது. 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் வாசகர்கள் கொண்டாடிய அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் பல சாகசங்களை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். அவர் எங்கிருந்து வந்தார்? கிளீவ்லாந்து நகரில் பள்ளி மாணவராக இருந்தபோது நண்பர்களோடு சேர்ந்து மிமியோகிராஃப் இயந்திரத்தில் ஓட்டி வெளியிட்ட ஓர் அறிவியல் புனைகதை ரசிகர் இதழிலிருந்து. சூப்பர்மேன் என்ற பெயரை அவர் முதன்முதலில் பயன்படுத்திய கதை 1933-இல் வந்ததும் அதில்தான்; படம் போட்டவர் ஜோ ஷூஸ்டர். ரசிகர்கள் ஒருவருக்கொருவர் சொற்பக் காசுக்கு விற்றுக்கொண்ட தாள்களிலிருந்து அந்த வம்சம் தொடங்கி, லண்டன் வழியாகச் சிவகாசிக்கு வந்து, பஸ் நிலையக் கடைகளில் தொங்கியது.

இணையத்தில் படம் போட இடமிருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லலாம். திரையில் போடும் படத்துக்கு விருப்பக்குறி விழும்; ஆனால் மூன்றாவது கட்டத்தில் கண் எங்கே தடுமாறுகிறது, பேச்சுக்குமிழி ஏன் தவறான வரிசையில் படிக்கப்படுகிறது என்பதை, எதிரில் நின்று பக்கம் புரட்டும் வாசகரின் முகத்தைப் பார்த்துத்தான் வரைபவர் கற்றுக்கொள்ள முடியும். அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் படிக்கும் ஒருவர் கருப்பு மையில் பதினாறு பக்கம் வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் இரண்டு பின் அடித்து, நாற்பது பிரதி கொண்டுவந்தால் அதற்கு இன்று மேஜை எங்கே? பெரிய அரங்கத்தின் மேஜை வாடகை அவருக்குக் கட்டாது. புத்தகக் காட்சியின் ஸ்டால் வாடகையும் கட்டாது. முப்பது மேஜை போடுகிறவர்கள் ஐந்தையாவது இப்படிப்பட்டவர்களுக்கு வாடகை இல்லாமல் கொடுக்க வேண்டும், அதுவும் மண்டபத்தின் மூலையில் ஒதுக்காமல், பழைய முத்து காமிக்ஸ் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே. மாயாவிக்காக வந்து நிற்பவரின் கண்ணில் அந்தப் பதினாறு பக்கமும் பட வேண்டும் அல்லவா.